வண்டி நனையாத இடம்

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், வயலுக்கும் ரோட்டுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிற ஒரு தெருவில் முருகதாஸின் வீடு. தெருவில் என்று சொன்னாலும் வீடு தெருவோரமாக இல்லை. இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு முடுக்கு எழுபது அடி உள்ளே போகும். அதன் கடைசியில் இருக்கிறது. முடுக்கின் அகலம் மூன்றடி. முருகதாஸின் ஸ்கூட்டருடைய அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. அவனுடைய கஷ்டங்களில் முக்கால்வாசி இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இருந்தது.

சாதாரண ஸ்கூட்டர் என்றால் உருட்டி உள்ளே கொண்டுபோயிருக்கலாம். இது பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துணைச் சக்கரம் பொருத்திய வண்டி. இரண்டு வயதில் போலியோ வந்து முருகதாஸின் கால்கள் இரண்டும் சூம்பிவிட்டன. இடது காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கியை மாட்டி, வலது கக்கத்தில் ஊன்றுகோல் வைத்து நடப்பான். முடுக்கைக் கடக்க அவனுக்கு ஆறு நிமிஷம். மழையில் பாசி பிடித்திருந்தால் பத்து.

வண்டி வருவதற்கு முன்னால் மற்றவர்கள்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் தோளில், கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாமாவின் முதுகில். கல்லூரி நாட்களில் பஸ்ஸில் ஏற்றிவிட ஓர் ஆள், இறக்கிவிட இன்னோர் ஆள். முப்பத்திரண்டு வயதில், மாற்றுத் திறனாளிகளுக்கான திட்டத்தில் ஸ்கூட்டர் கிடைத்தது. கிடைத்த மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கன்னியாகுமரி வரை ஓட்டிப்போனான். கடற்கரைக்குக்கூடப் போகவில்லை. ஒரு டீ குடித்தான், திரும்பி வந்தான்.

"எதுக்குப் போனிய?" என்று மனைவி சபிதா கேட்டாள்.

"சும்மா போனேன்."

சும்மா ஓர் இடத்துக்குப் போய் வந்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் நாகர்கோவிலில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும். முதல் பஸ் பிடித்து வரும் கிழவர்களும், பொங்கிய கண்ணைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வரும் கொத்தனார்களும் ஆறரைக்கே வரிசையில் நிற்பார்கள். முருகதாஸ் ஆறேகாலுக்கு வண்டியை எடுத்தால் ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். ஏழு வருஷத்தில் ஒருநாளும் பிந்தியதில்லை.

அந்த ஏழு வருஷமும் வண்டி நின்றது முத்துநாயகத்தின் வீட்டுப் போர்டிகோவில். முடுக்கு முனையில் இருக்கிற மாடி வீடு அவருடையது. நெல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். "சும்மாதானே கெடக்கு, விட்டுக்கோ தாஸு" என்று அவராகவே சொல்லி, கேட்டுக்கு ஒரு சாவியும் கொடுத்திருந்தார். போன வருஷம் வைகாசியில் ஒரு சாயங்காலம், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய முருகதாஸின் பக்கத்தில் வந்து நின்றார்.

"தாஸு, விபின் காரு எடுக்கான்."

விபின் அவருடைய மகன். முருகதாசுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"நல்ல காரியம்லா அண்ணாச்சி."

"லோன் போட்டு எடுக்கது. வெளிய நிறுத்தமாட்டேன்னு சொல்லுதான். ரெண்டும் நிக்கதுக்கு எடம் பத்தாது. நான் அளந்து பாத்தேன் மக்கா, ரெண்டு தடவ அளந்தேன்."

"இதுக்கு எதுக்கு அண்ணாச்சி வருத்தப்படுதிய? நான் வெளிய விட்டுக்கிடுதேன். வண்டிதானே."

கார் வந்த அன்று முத்துநாயகம் லட்டு கொடுத்தனுப்பினார். வழக்கத்தைவிடப் பெரிய பெட்டி. முருகதாஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். அன்றிலிருந்து வண்டி அவருடைய மதிலோரம் தெருவில் நின்றது. மூன்று வாரத்தில் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கியது.

முதல் மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காவது நாள் காலையில் செல்ஃப் பிடிக்கவில்லை. பொத்தானை அமுக்கினால் உள்ளே ஏதோ இருமுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த ஸ்கூட்டருக்கு உதைத்துக் கிளப்புகிற வசதி உண்டு. ஆனால் அதை உதைக்க ஒரு கால் வேண்டும். முருகதாஸ் போன் போட்டான். சபிதா நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, குடையோடு முடுக்குக்குள்ளிருந்து ஓடிவந்தாள். குடையை அவன் பிடித்துக்கொண்டான். அவள் உதைத்தாள். இருபது, முப்பது. பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போனார்கள். முப்பத்தெட்டாவது உதையில் வண்டி கிளம்பியது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மதிலில் சாய்ந்து நின்றாள்.

"வலிக்கா?"

"நீங்க போங்க. மணி ஆவுது."

அதன் பிறகு மழை நாளெல்லாம் இப்படித்தான். சில நாள் சபிதா உதைத்தாள். சில நாள் தெருவில் போகிற யாராவது உதைத்தார்கள். உதைக்கிறவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. முருகதாசுக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. உதைத்து முடிக்கும் வரை தலையைக் குனிந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வடசேரியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற எட்சன் வண்டியைக் கழற்றிப் பார்த்தான். "பிளக்குல ஈரம் கேறுது அண்ணே. ஒயரு ஜாயின்டுல பாருங்க, பச்ச பூத்திருக்கு. நல்ல கவரு ஒண்ணு வாங்கிப் போடுங்க."

கடையில் கிடைத்த கவர் சாதாரண ஸ்கூட்டர் அளவுக்குத் தைத்தது. துணைச் சக்கரங்களுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. சபிதா வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். அவளுடைய அண்ணன் மார்த்தாண்டத்தில் பிளக்ஸ் அச்சடிக்கும் இடத்தில் வேலை செய்தான். அவனிடம் சொல்லி ஒரு பெரிய பிளக்ஸை வாங்கி, கவரின் இரண்டு பக்கமும் சேர்த்துத் தைக்கப் பார்த்தாள். மூன்று ஊசி உடைந்தது. கடைசியில் சாக்கு தைக்கிற ஊசியை வாங்கி, கையாலேயே இரண்டு நாள் உட்கார்ந்து தைத்து முடித்தாள்.

அந்த பிளக்ஸ் யாரோ ஒருவருடைய முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அடித்து மிச்சமானது. மீசை வைத்த ஒரு பெரியவர் வண்டியின் இடது பக்கத்திலிருந்து தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டு விருந்துக்கு வந்த ஒரு பெண் வண்டிக்கு முன்னால் வெகுநேரம் நிற்பதை சபிதா பார்த்தாள். போய்க் கேட்டாள்.

"எங்க அப்பாவாக்கும்" என்றாள் அந்தப் பெண். கோபமெல்லாம் இல்லை. "மழையில நிக்காருல்லா, அதான் பாத்தேன்."

அன்றைக்கே சபிதா தையலைப் பிரித்து, படம் உள்பக்கம் வரும்படி மாற்றித் தைத்தாள்.

கவர் போட்டும் வண்டி சரியாகவில்லை. எட்சன் மறுபடி கழற்றினான். "தரை வரைக்கும் மூடியிருக்கியளா? காத்து போவணும்லா அண்ணே. சூடோட மூடினா உள்ளயே வேர்க்கும். ஒரு மணிக்கூறு ஆறவிட்டுப் பின்ன மூடுங்க." நாலரை மணிக்கு முருகதாஸ் வீடு வந்தால் ஐந்தரை வரை வண்டி ஆற வேண்டும். அந்த ஊரில் சாயங்கால மழை ஐந்து மணிக்குத்தான் வரும். சபிதா தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு காதை முடுக்குப் பக்கமே வைத்திருப்பாள். முதல் சொட்டு ஓட்டில் விழுந்ததும் எழுந்து ஓடுவாள். அவள் போய்ச் சேர்வதற்குள் சீட்டிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். முருகதாஸ் தானே மூடிப் பார்த்தான். ஒரு கை ஊன்றுகோலில் இருக்க, மற்றக் கையால் கவரை வீசினால் காற்று அதை அவன் முகத்திலேயே திருப்பி அடித்தது.

மேலே ஒரு கூரை இருந்தால் எல்லாம் தீரும் என்று தோன்றியது. தெருக்காரர்களைக் கேட்டான். கொடைக்குச் சாமி ஊர்வலம் வரும்போது மட்டும் எடுத்துவிடு என்றார்கள். ஆவணியில் மதிலோரம் நாலு இரும்புக் குழாய் நட்டு, இரண்டு தகர ஷீட்டைப் போல்ட் போட்டு முடுக்கினான். அந்த இரண்டு மாசம் வண்டி ஒரு தடவைகூட அடம் பிடிக்கவில்லை. முருகதாஸ் போனில் வானிலை பார்ப்பதையே விட்டுவிட்டான். ஒருநாள் மகள் ரேஷ்மியை வண்டியில் ஏற்றித் தோவாளை வரை சும்மா போய்விட்டு வந்தான்.

ஐப்பசியில் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு, வானம் இருட்டி மலைப்பக்கமிருந்து காற்று அடித்தது. ஐந்து நிமிஷம்தான். ஷீட் ஒன்று போல்டைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. பூக்கட்டுகிற தாணம்மாள் அப்போதுதான் தோவாளையிலிருந்து பிச்சிப்பூப் பொதியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தாள். ஷீட்டின் விளிம்பு அவளுடைய வலது கையை முழங்கையிலிருந்து கீழாகக் கிழித்தது. பதினொரு தையல்.

முருகதாஸ் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே அவள் வீட்டுக்குப் போனான். தாணம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், புருஷன் இல்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"நீ என்ன செய்வ? காத்து அடிச்சதுக்கு நீயா பொறுப்பு?"

"போல்ட்டு நான் பாத்துத்தான் போட்டேன் அக்கா."

"போட்டிருப்ப. நான் ஒண்ணும் சொல்லலியே." கட்டின் ஓரத்தை இடது கையால் நீவினாள். பிறகு, "அந்தத் தகரத்த மட்டும் எடுத்துரு மக்கா. பிள்ளைய எல்லாம் நடக்கு எடமாக்கும்" என்றாள்.

மறுநாளே குழாய்களைப் பிடுங்கினார்கள். தாணம்மாளுக்குப் பூக்கட்ட முடியாத பதினெட்டு நாளும் சபிதா காலையில் போய் அவளுக்காகக் கட்டிக் கொடுத்தாள். சபிதாவுக்கு வேகம் வராது. தாணம்மாள் ஒற்றைக் கையால் பூவை எடுத்து எடுத்து நீட்டிக்கொண்டிருப்பாள். முருகதாஸ் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தான். பார்த்தால் ஏதாவது சொல்லலாம் என்று.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்குச் சானல் வாய்க்காலின் கரை உடைந்து, வயல் நிறைந்து, தண்ணீர் தெருவுக்குள் வந்தது. முருகதாஸின் வீட்டுக்கு மூன்று படி உயரம் உண்டு. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், முடுக்கின் அந்தக் கடைசியில் தெரு மூன்றடி அகலத்துக்குத் தெரியும். அந்த மூன்றடியில் கவர் போட்ட வண்டியின் முன்பாதி தெரிந்தது.

முதலில் டயர் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியது. பிறகு கால் வைக்கும் தட்டின் மட்டத்துக்கு. கவர் காற்றடைத்து உப்பியது. முருகதாஸ் எழுந்து ஊன்றுகோலை எடுத்தான்.

"எங்க?" என்றாள் சபிதா.

"வண்டியப் போயி பாத்துட்டு வாறேன்."

"போயி என்ன செய்யப் போறிய?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நான் போறேன்" என்று அவள் சேலையைத் தூக்கிச் சொருகினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ரேஷ்மி அழத் தொடங்கினாள். மூன்று பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டி கொஞ்சம் அசைந்தது. மிதந்ததோ இழுபட்டதோ, மெதுவாக அந்த மூன்றடியிலிருந்து விலகிப் போனது. அதன் பிறகு அங்கே செம்மண் நிறத்தில் தண்ணீர் மட்டும் தெரிந்தது.

ஒரு மணிக்கு விபின் கயிறு கட்டிக்கொண்டு முடுக்குக்குள் நீந்தாத குறையாக வந்தான். ரேஷ்மியை முதலில் கொண்டுபோய் விட்டான். சபிதா கயிற்றைப் பிடித்து நடந்து போனாள். மூன்றாவது தடவை வந்து, படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"அண்ணே, ஏறுங்க."

"நான் பைய நடந்துருவேன் விபின்."

"வெள்ளம் இடுப்புக்கு மேல நிக்கு. எங்க நடப்பிய? அந்தக் காலிப்பரக் கழத்திருங்க, கனக்கும்."

முருகதாஸ் காலிப்பரைக் கழற்றி, வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவன் முதுகில் ஏறினான். கடைசியாக அவனை ஒருவர் முதுகில் சுமந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விபினுக்கு மூச்சு இரைத்தது. முருகதாஸ் தன் எடையைக் குறைக்க முடியும் என்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டான். தெருவில் வந்தபோது போர்டிகோவில் விபினின் கார் கண்ணாடி வரை தண்ணீரில் நின்றது. விபின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச தூரத்தில், கரண்டுக் கம்பத்தில் சாய்ந்து, ஒரு துணைச் சக்கரம் மேலே தெரிய ஸ்கூட்டர் கிடந்தது.

"பாக்காதிய அண்ணே" என்றான் விபின்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் இறக்கிவிட்டபோது, தெருவே அங்கே இருந்தது. முருகதாஸ் யார் முகத்தையும் பார்க்காமல் காலிப்பரின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு எட்சன் வேன் கொண்டுவந்து வண்டியை ஏற்றிப்போனான். எஞ்சினை இறக்க வேண்டும், ஒயரிங் முழுவதும் போய்விட்டது என்றான். சாமான் கிடைத்து வேலை முடிய ஒன்பது வாரம் ஆனது. அந்த ஒன்பது வாரமும் முருகதாஸ் பாதி நாள் ஆட்டோவிலும் பாதி நாள் பஸ்ஸிலும் போனான். பஸ் படி உயரம். யாராவது கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினால்தான் ஏற முடியும். ஏழு மணிக்கு ஜன்னல் திறக்கவேண்டிய இடத்துக்கு அவன் ஏழரைக்கும் எட்டுக்கும் போய்ச் சேர்ந்தான். டோக்கன் ஜன்னலில் ஜெஸ்பின் என்ற புதுப் பெண்ணை உட்காரவைத்தார்கள். அவனைப் பழைய சீட்டுகள் அடுக்கியிருக்கும் ரெக்கார்டு அறைக்கு அனுப்பினார்கள். யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

தை மாசக் கடைசியில் வண்டி வந்ததும் நிர்வாகத்தைக் கவனிக்கிற டெல்சி மேடத்திடம் போய் நின்றான். ஜன்னல் மறுபடி கிடைத்தது.

"மழைக்காலத்துல எப்படி முருகதாஸ்?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நோயாளிங்க வந்து காத்து நிக்காங்க, அதுக்காகக் கேக்கேன்."

"வந்துருவேன் மேடம்."

சொல்லிவிட்டான். எட்சன் சொன்னது வேறு. "ஓடும் அண்ணே, பயப்படாதிய. ஆனா இன்னொரு தடவ நனஞ்சு நின்னா நம்ம கையில இல்ல. பழைய எஞ்சினு, ஒட்டுப்போட்ட ஒயரு." புதிய வண்டிக்கு மனுக் கொடுத்தான். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. தெருவைப் பார்த்தாற்போல ஒரு வாடகை வீடு தேடினார்கள். கிடைத்த இரண்டுக்கும் ஏழெட்டுப் படி. எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து, இந்த வருஷம் எடவப்பாதி தொடங்கியதும் அவனே ஒரு முடிவுக்கு வந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர்களின் வண்டிகளுக்குக் கான்கிரீட் கூரை போட்ட இடம் இருக்கிறது. நாலு பக்கமும் சாரல் படாது. மழை பிடித்துவிட்டால் முருகதாஸ் வண்டியை அங்கேயே விடுகிறான். வண்டி இல்லாமல் வீட்டுக்குப் போனால் காலையில் ஏழு மணிக்குள் திரும்பி வர வழியில்லை. அதனால் அவனும் அங்கேயே இருக்கிறான். டெல்சி மேடத்திடம் அனுமதி வாங்கி, ரெக்கார்டு அறையில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டான். துணி துவைப்பது பக்கத்துக் கடையில், சாப்பாடு கேன்டீனில். ரேஷ்மி வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். இவன் தப்பைச் சொல்லிக் கொடுப்பான். வானம் தெளிந்த வாரமென்றால் தினமும் வீட்டுக்குப் போவான். ஆனியில் அப்படி ஒன்பது நாள்தான் கிடைத்தது. காலை ஆறு ஐம்பதுக்கு ஜன்னலில் உட்கார்ந்துவிடுகிறான். வண்டி நனையவில்லை. ஒரு தடவைகூட யாரும் உதைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டு நாளாக அவன் வீட்டுக்குப் போகவில்லை. மதியம் வெயில் அடித்தது. இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும், ரேஷ்மிக்குக் கொஞ்சம் அச்சுமுறுக்கு வாங்கி முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினான். புத்தேரி வரை வெயில்தான். குளத்தைத் தாண்டியதும் தாடகை மலை தெரியவில்லை. மலை இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ நின்றது. இறச்சகுளத்தில் ஒரு கடை ஓரமாக நிறுத்தி, சபிதாவைக் கூப்பிட்டான்.

"எங்க நிக்கிய?" என்றாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"இறச்சகுளம் வந்தாச்சு. அங்க எப்படி?"

அவள் முற்றத்துக்கு இறங்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"கறுத்துக்கிட்டு வருது."

"தூறல் விழுதா?"

"இப்பந்தான் தொடங்குது. ரெண்டு சொட்டு."

"கவரு போட்டுருவோம். ஒரு ராத்திரிதானே."

"ரெண்டு ராத்திரி. திங்கக்கெழம காலையில கெளம்பலைன்னா?" என்றாள் சபிதா. அவன் மலைப்பக்கம் பார்த்தான். பிறகு அவளே சொன்னாள். "திரும்பிப் போயிருங்க."

"ரேஷ்மி?"

"கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். நீங்க நனையதுக்கு முன்ன போங்க."

"அச்சுமுறுக்கு வாங்கியிருந்தேன்."

"நீங்களே சாப்பிடுங்க. ராத்திரிக்குப் பசிக்கும்லா."

அவள் போனை வைக்கவில்லை. அவன்தான் வைத்தான். துணைச் சக்கரம் வைத்த வண்டியைச் சட்டென்று திருப்ப முடியாது. ரோடு முழுவதும் வேண்டும். பூதப்பாண்டிப் பக்கம் போகிற ஒரு பஸ், அதன் பின்னால் வாழைக்குலை ஏற்றிய ஒரு டெம்போ, இரண்டும் போகும் வரை காத்திருந்தான். பிறகு அகலமாக வளைத்துத் திருப்பினான். நாகர்கோவில் பக்கம் ரோடு காய்ந்துதான் கிடந்தது.